‘வேணும்’ என்ற சொல்லை மாற்றுங்கள்

(புனித சவேரியார் திருநாள் வானொலி மறையுரை)



1552ஆம் ஆண்டு, இதே டிசம்பர் மாதம் 3ஆம் நாள், சீன நாட்டுக் கரைக்கு எதிரே உள்ள ஒரு சிறிய தீவில், ஓலைக் குடிசை ஒன்றில் சவேரியார் தம் உயிரை இறைவனிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 46. அவரைப் பற்றி நமக்குப் பல செய்திகள் தெரியும். கையில் சிலுவை ஏந்தியபடி கடற்கரையில் நிற்கும் அவருடைய சுரூபம் நம் ஊர்களில் எத்தனையோ கோயில்களில் இருக்கிறது. அவர் செய்த புதுமைகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இன்று நான் அவருடைய புதுமை எதையும் சொல்லப்போவதில்லை. அவர் செய்த ஒரு தவற்றைச் சொல்லப்போகிறேன். அந்தத் தவறு நடந்தது நம்முடைய தமிழ் மொழியில்தான்.

அது நடந்த இடம் முத்துக்குளித்துறை. கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடியைக் கடந்து செல்லும் அந்தக் கடற்கரையில் வாழ்ந்த பரதவ மக்கள், 1535ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். ஏன் பெற்றார்கள்? முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பாக அவர்களுக்குப் பெரும் பகை இருந்தது, உயிருக்கே ஆபத்து. பாதுகாப்பைத் தேடிய அவர்களுடைய தூதுவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் உதவி கேட்டார்கள். உதவியும் கிடைத்தது, திருமுழுக்கும் கிடைத்தது. ஆனால் மறைக்கல்வி கிடைக்கவில்லை. திருமுழுக்குக் கொடுத்த குருக்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மக்களோடு தங்கி, அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

1542ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சவேரியார் அங்கே வந்து சேர்ந்தபோது, “நீங்கள் யார்?” என்று மக்களைக் கேட்டார். “கிறிஸ்தவர்கள்” என்றார்கள். “என்ன விசுவசிக்கிறீர்கள்?” என்றால் மறுபடியும் “கிறிஸ்தவர்கள்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இதைச் சவேரியாரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர்கள்மீது குறை சொல்லி அல்ல, அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லையே என்ற வருத்தத்தோடு எழுதினார்.

சரி, அவரே கற்பிக்கலாம் என்றால் மொழி எங்கே? சவேரியாரின் தாய்மொழி பாஸ்க்கு. அவர் பிறந்த நவார் நாட்டு மலைப்பகுதியின் மொழி அது. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இலத்தீனில் பாடம் படித்தவர், பாடம் நடத்தியவர். போர்த்துக்கீசிய மொழியும் தெரியும். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. கோவாவில் படித்துக்கொண்டிருந்த, இந்தக் கடற்கரையிலேயே பிறந்த மூன்று இளைஞர்கள் அவரோடு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியும், ஓரளவு போர்த்துக்கீசியமும் தெரியும். தூத்துக்குடியில் நான்கு மாதம் தங்கி, இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் மிகுந்த சிரமத்தோடு தமிழாக்கினார். பிறகு அவற்றை மனப்பாடம் செய்தார்.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதும் கூடும். அவர் ஒரு வரி சொல்வார், மக்கள் திருப்பிச் சொல்வார்கள். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவு முடிந்ததும், “இதை உறுதியாக விசுவசிக்கிறீர்களா?” என்று கேட்பார். மக்கள் தங்கள் கைகளை மார்பின்மேல் சிலுவையாக வைத்துக்கொண்டு, “ஆம்” என்பார்கள். ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது, செபங்களின் படி ஒன்றை அங்கே விட்டுச் செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். தொடர்ந்து சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமிப்பார். இப்படி அந்தச் செபங்கள் கடற்கரை முழுவதும் பரவின.

செபங்களோடு சேர்ந்து ஒரு பிழையும் பரவியது.

1544ஆம் ஆண்டு, அதே கடற்கரையில் வேறு ஊர்களில் பணியாற்றிக்கொண்டிருந்த தம் தோழர் பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்பவருக்குச் சவேரியார் பல கடிதங்கள் எழுதினார். பெரும்பாலும் சின்னச் சின்னக் கடிதங்கள். இந்த ஊருக்குப் போங்கள், அந்தப் பிள்ளைகளைக் கவனியுங்கள், மக்களிடம் கோபப்படாதீர்கள் என்பன போன்ற நடைமுறைச் செய்திகள். அப்படிப்பட்ட ஒரு கடிதத்தின் இடையில் இரண்டு தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பேசுகிறார். விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்கிறீர்களே, அதில் ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்ற சொல்லைச் சொல்லுங்கள் என்கிறார். காரணமும் தருகிறார்: வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள், கடவுளை விரும்புகிறேன் என்பதைவிடக் கடவுளை விசுவசிக்கிறேன் என்று சொல்வதே சரி.

இரண்டாவது சொல் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியது. அங்கே பயன்படுத்திய ஒரு சொல்லுக்கு ‘வலுக்கட்டாயத்தால்’ என்ற பொருள் வருகிறது. கிறிஸ்து கட்டாயத்தால் பாடுபடவில்லை, தம் சொந்த விருப்பத்தால் பாடுபட்டார். ஆகவே அந்தச் சொல்லையும் விட்டுவிடுங்கள் என்கிறார்.

அன்பார்ந்தவர்களே, ஒரு நிமிடம் இதை எண்ணிப் பாருங்கள். ஓராண்டுக்கும் மேலாக இந்தப் புனிதர் ஊர் ஊராகப் போய், மணியடித்து, மக்களைக் கூட்டி, மார்பில் கை வைக்கச் சொல்லி, “கடவுள் எனக்கு வேணும்” என்று சொல்ல வைத்திருக்கிறார். அந்தப் பிழை எளிதில் யார் கண்ணிலும் படக்கூடியது அல்ல. ஏனென்றால் “கடவுள் எனக்கு வேணும்” என்பது தமிழில் தவறான வாக்கியமே இல்லை. இலக்கணம் சரி, பொருளும் இருக்கிறது, கேட்கவும் பக்தியாக இருக்கிறது. ஆனால் திருச்சபை அந்த இடத்தில் சொல்ல வந்தது அது அல்ல. பொருளே இல்லாத சொல்லை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பொருள் உள்ள, ஆனால் வேறு பொருள் உள்ள சொல்தான் நெடுநாள் மறைந்திருக்கும்.

சவேரியாருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? தமிழ் அறிந்த ஒருவர் சொல்லாமல் தெரிந்திருக்க வழியில்லை. அவர் ஒரு கணக்கப்பிள்ளையாக இருக்கலாம், ஒரு மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம், ஏன், மணிச்சத்தம் கேட்டு ஓடி வந்த ஒரு சிறுவனாகக்கூட இருக்கலாம். திருத்தந்தையின் தூதர் என்ற அதிகாரத்தோடு வந்தவர் அவர். அரசரின் ஆதரவும் அவருக்கு இருந்தது. ஆனாலும் கடற்கரையில் யாரோ ஒருவர் “சாமி, இந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை” என்று சொல்லக்கூடிய விதத்தில் அவர் பழகியிருக்கிறார். அப்படிச் சொன்னதைக் கேட்டும் இருக்கிறார். கேட்டதோடு நிற்காமல் தோழருக்கும் எழுதினார். “நான் கொடுத்த படியில் பிழை இருக்கிறது, மாற்றுங்கள்” என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

அந்த ஆண்டு ஓய்வான ஆண்டும் அல்ல. அதே 1544ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடுகர் படை தென்கரையைத் தாக்கியது. மக்கள் உயிர் தப்பக் கன்னியாகுமரிப் பாறைகளுக்கு ஓடி, பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து உணவும் தண்ணீரும் ஏற்றிய தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்றில் தோணிகள் போய்ச் சேர முடியாமல் திரும்பியபோது, நடந்தே போய் அவர்களைப் பார்த்தார். இப்படிப்பட்ட ஆண்டில் ஒரு வினைச்சொல்லைத் திருத்த அவருக்கு நேரம் இருந்தது. மக்களின் தாகத்தைப் பற்றிய கவலையும், அவர்கள் வாயில் வரும் சொல்லைப் பற்றிய கவலையும் அவருக்கு வேறு வேறு கவலைகள் அல்ல.

அப்படியானால், அந்த ஓராண்டில் “வேணும்” என்று சொன்ன மக்களின் செபம் வீண்தானா? இந்தக் கேள்வி உங்களுக்கு எழலாம். வீண் அல்ல. மாற்கு நற்செய்தியில், எரிகோவின் சாலை ஓரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவை நினைத்துப் பாருங்கள். இயேசு அவரிடம் முதலில் கேட்டது உன் விசுவாசம் என்ன என்று அல்ல. உனக்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்டார். அவர் தமக்கு வேண்டியதைச் சொன்னார். ஆனால் அந்த உரையாடல் அங்கே முடியவில்லை. இயேசு அவருடைய விசுவாசத்தைப் பாராட்டுவதோடு முடிகிறது. பார்வை பெற்றவர் தம் வழியே போய்விடாமல், இயேசுவின் பின்னே நடந்தார். தேவையில் தொடங்கி விசுவாசத்தில் முடியும் வழி அது.

பரதவ மக்களும் அப்படித்தான். 1535இல் அவர்களுக்கு ஒன்று வேண்டியிருந்தது: பாதுகாப்பு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த ‘வேணும்’ உண்மையானது. ஆனால் அது தொடக்கம். தொடக்கத்தையே முடிவு என்று சொல்லிக்கொடுத்தால், கேட்டது கிடைக்காத நாளில் அந்த மக்கள் எதைப் பற்றிக்கொண்டு நிற்பார்கள்? வேண்டியது கிடைக்காவிட்டாலும் நிற்கிற ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு தனிச்சொல் வேண்டும். சவேரியார் அந்தச் சொல்லைத் தேடித் தந்தார்.

சவேரியார் அந்தக் கடற்கரையில் நெடுங்காலம் தங்கவில்லை. அவர் தொடங்கிய வேலையைத் தொடர்ந்தவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு. நம் மக்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்பார்கள். 1547 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அவர், மொழிபெயர்ப்பாளரை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்று முடிவுசெய்து, மாணவனைப்போல் உட்கார்ந்து தமிழ் கற்றார். இலத்தீனைக் கற்பது போலவே வேற்றுமை என்ன, காலம் என்ன, வினை எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டு கற்றார். அந்தக் குறிப்புகளே பிற்பாடு ஓர் இலக்கண நூலாயின. சவேரியார் விட்டுச்சென்ற செபங்களை அவர் மறுபடியும் திருத்தினார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வெளிவந்தது. 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல்தான். ஆனால் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே; இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூலும் அதுவே. ஒரு மறைக்கல்விச் சிறு நூலுக்காகத்தான் நம் தமிழ் எழுத்து முதன்முதலாக அச்சில் ஏறியது. 1600ஆம் ஆண்டு இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்த மக்களோடே இருந்தார்.

சவேரியாரோ அதற்குள் ஜப்பானுக்குப் போயிருந்தார். அங்கேயும் ஒரு சொல் அவரைச் சோதித்தது. 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் இறங்கியபோது, கடவுளுக்கு என்ன சொல் சொல்லலாம் என்று தம்மோடு வந்த ஜப்பானியரிடம் கேட்டார். ‘தைநிச்சி’ என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சொல்லை வைத்தே சவேரியார் போதித்தார். புத்த துறவிகள் சிலர் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். அவருக்கு ஐயம் வந்தது. தாம் சொல்வதை இவர்கள் இவ்வளவு எளிதாக ஏற்கிறார்களே, உண்மையில் நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று விசாரித்தார். தைநிச்சி என்பது அவர்களுடைய சமயத்தில் வணங்கப்படும் ஒரு புத்தரின் பெயர் என்று தெரியவந்தது. உடனே அந்தச் சொல்லைக் கைவிட்டு, ‘தேயுஸ்’ என்ற இலத்தீன் சொல்லையே சொல்லத் தொடங்கினார். அதற்கும் எதிர்ப்பு வந்தது. தேயுஸ் என்ற ஒலியை எதிரிகள் ‘தை உசோ’ என்று திரித்தார்கள். ஜப்பானிய மொழியில் அதற்குப் ‘பெரிய பொய்’ என்று பொருள்! மக்களின் சொல்லை எடுத்தாலும் ஆபத்து, நம் சொல்லைக் கொண்டுபோனாலும் ஆபத்து. எந்தச் சொல்லைச் சொன்னாலும், கேட்பவர் காதில் அது என்னவாக விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அவர் கற்றுக்கொண்டார்.

அப்படிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. 1606ஆம் ஆண்டு இராபர்ட் தே நொபிலி என்ற இத்தாலியக் குரு மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று நாம் போற்றுகிறவர். அவருக்கு முன்பே அங்கே ஒரு பணித்தளம் இருந்தது. ஆனால் மதுரை மக்களிடம் அது வேரூன்றவில்லை. காரணத்தைத் தேடியபோது ஒரு கேள்வி நொபிலியின் காதில் விழுந்தது. திருமுழுக்குப் பெற வருகிறவரிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருளில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பறங்கி என்றால் என்ன? ஐரோப்பியரைக் குறிக்கும் ‘பிராங்க்’ என்ற சொல் பல நாட்டு வாய்களில் புரண்டு, தமிழில் பறங்கியாக வந்து சேர்ந்தது. கேட்ட குருக்கள் அதற்குக் ‘கிறிஸ்தவர்’ என்று பொருள் கொண்டார்கள். கேட்கப்பட்ட மக்களோ, கப்பலில் வந்த போர்த்துக்கீசியரின் நடை, உடை, பழக்கவழக்கங்களைப் பொருளாகக் கொண்டார்கள். கிறிஸ்துவை ஏற்கிறாயா என்று கேட்பதாகக் குரு நினைத்தார். உன் மக்களை விட்டு அந்நியனாகப் போகிறாயா என்று கேட்பதாக எதிரே நின்றவர் புரிந்துகொண்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோது, நற்செய்தியை மறுத்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அவருக்கு நற்செய்தி சொல்லப்படவே இல்லை.

நொபிலி அந்தக் கேள்வியை மாற்றச் சொன்னார். தமிழையும் வடமொழியையும் ஆழமாகக் கற்று, மறை உண்மைகளுக்குப் பொருத்தமான சொற்களைத் தேடினார். அவர் தேர்ந்துகொண்ட வழியில் சாதி வேறுபாட்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காயம் இன்னும் நம் நடுவில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை மாற்றியது சரியான செயல். ஒரு மனிதரிடம் நாம் கேட்கிற கேள்வி, நாம் கேட்க நினைத்த கேள்வியாகவே இருக்க வேண்டும். அது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

அவருக்குப் பின்வந்த வீரமாமுனிவரோ சொல்லையும் தாண்டி எழுத்துக்கே போனார். அந்நாளில் ஓலையில் ‘எரி’ என்று எழுதினாலும் ‘ஏரி’ என்று எழுதினாலும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். குறிலைக் காட்ட எழுத்தின்மேல் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று பலரும் அதை விட்டுவிடுவார்கள். ஒரே எழுத்து ஒருவருக்கு நெருப்பு, இன்னொருவருக்கு நீர்நிலை! வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நம் பிள்ளைகள் எழுதுகிற ஏ, ஓ என்ற எழுத்துகள் அவர் தந்த வடிவங்கள். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதியைப் புரட்டுகிறவர்களுக்கு, ஒரு சொல்லின் பொருளைத் தெளிவாக அறிவதற்காக ஒருவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பது விளங்கும்.

அன்பான நேயர்களே, பழங்காலத்துக் குருக்கள் செய்த தவறுகளை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நான் செய்ததையும் சொல்கிறேன்.

நம் திருச்சபையில் பழைய ஞான உபதேசத்தில் மூன்று தேவ புண்ணியங்களை விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று கற்றோம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கும். கவனித்தீர்களா? பழைய வரிசையில் இரண்டாவதாக இருந்த ‘நம்பிக்கை’ என்ற சொல், புதிய வரிசையில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. பழைய விசுவாசம்தான் இன்றைய நம்பிக்கை. பழைய நம்பிக்கைதான் இன்றைய எதிர்நோக்கு. ஆகவே, பாட்டி ‘நம்பிக்கை’ என்று சொல்லும்போதும் பேரன் ‘நம்பிக்கை’ என்று சொல்லும்போதும் இருவரும் ஒன்றையே சொல்வதாக எண்ணிவிட முடியாது.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்திருந்தது. வாழ்க்கையில் தெரியவில்லை. குருவாகி அதிக நாள் ஆகாத காலத்தில், ஒரு வயதான தாயாரின் வீட்டுக்கு நோயில்பூசுதல் கொடுக்கப் போனேன். அவருடைய கணவர் கடைசி நிலையில் இருந்தார். செபம் முடிந்ததும் அந்தத் தாயாரிடம், “அம்மா, நம்பிக்கை இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி, “இல்ல சாமி” என்றார். நான் அதிர்ந்துபோனேன். தினமும் பூசைக்கு வருகிறவர். உடனே அங்கேயே நின்று, நம்பிக்கை எவ்வளவு முக்கியம், நம்பிக்கை இழப்பது எவ்வளவு பெரிய சோதனை என்று பேச ஆரம்பித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, மெதுவாகச் சொன்னார்:

“விசுவாசம் இருக்கு சாமி. நம்பிக்கைதான் இல்ல. இவரு இன்னிக்கு ராத்திரி தாண்ட மாட்டாரு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தத் தாயார் சரியான சொல்லைச் சரியான இடத்தில் வைத்திருந்தார். கணவர் பிழைப்பார் என்ற எதிர்பார்ப்பு இல்லை. ஆனால் ஆண்டவரை விட்டுவிடவும் இல்லை. ‘வேணும்’ என்று கேட்டது கிடைக்காத நாளில் நிற்கிற அந்த ஒன்று அவரிடம் இருந்தது. நானோ, சொல்லின் பொருளை உறுதிசெய்துகொள்ளாமல், கணவரை இழக்கப்போகிற ஒரு பெண்ணுக்கு அவர் கட்டில் அருகிலேயே பிரசங்கம் செய்திருந்தேன். “அம்மா, தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். “பரவால்ல சாமி, இருங்க, காப்பி போடுறேன்” என்றார். கணவர் விடியற்காலையில் இறந்தார்.

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது பெரிய சொல் ஒன்றைச் சொன்னால், பதில் சொல்வதற்கு முன் “நீங்கள் என்ன பொருளில் சொல்கிறீர்கள்?” என்று கேட்டுவிடுகிறேன். பல நேரங்களில் நான் சொல்ல நினைத்த பதிலே தேவைப்படாமல் போகிறது.

இது குருக்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. நம் குடும்பங்களில் நடக்கிற சண்டைகளைப் பாருங்கள். அண்ணன் தம்பிக்குப் பணம் கொடுக்கிறார். கொடுக்கும்போது, “வச்சுக்கோ” என்கிறார். அது அன்பளிப்பா, கைமாற்றா, கடனா? இருவரும் கேட்டுக்கொள்வதில்லை, கேட்டால் உறவு கெடும் என்ற பயம். மூன்று ஆண்டு கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டு உறவையே கெடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கே ஒரு சொல் தெளிவாகச் சொல்லியிருந்தால் போதும். கணவன் மனைவியிடம், “நீ எப்பவுமே இப்படித்தான்” என்கிறார். எப்பவுமேவா? நேற்று ஒருநாள் நடந்தது, அதற்கு முன் ஒருநாள் நடந்தது. இரண்டு நாளுக்கு ‘எப்பவும்’ என்று பெயர் வைத்தால், நல்ல முகத்தோடு இருந்த மற்ற நாட்கள் எல்லாம் எங்கே போயின? ஊரில் ஒருவர் கணக்கு ஒப்படைக்கத் தாமதித்தால், “பணத்தை எடுத்துட்டான்” என்று பேசுகிறோம். தாமதம் வேறு, எடுத்தது வேறு. அந்த இரண்டு சொற்களுக்கு இடையில் ஒரு குடும்பத்தின் மானம் இருக்கிறது. ஆம் என்பதற்கு ஆம் என்றும் இல்லை என்பதற்கு இல்லை என்றும் மட்டும் பேசச் சொன்ன ஆண்டவர், ஆணையிடுவதைப் பற்றி மட்டும் பேசவில்லை. சொல்லும் உண்மையும் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார்.

சரியான சொல்லைத் தேடுவது படித்தவர்களின் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாயார் என்னைவிடத் துல்லியமாகப் பேசினார். துல்லியம் என்பது கடினமான சொற்களைப் பேசுவது அல்ல. எதிரே இருப்பவர் கேட்பது எது என்று கவனிப்பது. தவறினால் ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொண்டதை மாற்றுவது.

சவேரியாரின் திருநாளான இன்று, நாம் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம் உண்டு. இன்று இரவு குடும்ப செபம் சொல்லும்போது, நாம் ஒவ்வொருவரும் நம் செபத்தைக் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போம். பிள்ளைக்கு வேலை வேணும், வீட்டுக்கு வழி வேணும், உடம்புக்குச் சுகம் வேணும். கேளுங்கள், கேட்பதற்கு ஆண்டவரே அனுமதி தந்திருக்கிறார். ஆனால் நம் செபம் முழுவதும் ‘வேணும்’ மட்டுமே இருக்கிறதா? 1544இல் சவேரியார் தம் தோழருக்கு எழுதிய திருத்தம் நம் வீட்டுக்கும் வந்து சேர வேண்டிய கடிதம்தான். அந்த ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிப் பழகுவோம். விசுவசிக்கிறேன் என்று சொல்லுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் பொருள் தெரிந்து சொல்லுங்கள்.

நம் மொழியைக் கற்க மாணவராக அமர்ந்த புனித சவேரியாரே, எங்கள் நாவையும் செவியையும் காத்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.